அந்தப் பெருக்கல் குறியைப் போட்டது நான்தான்

போன மே மாசம். மூணாவது வருஷம் முடிஞ்சு இன்டர்ன்ஷிப். ஒரு அபார்ட்மென்ட் சைட். இன்டர்னுக்கு சைட்ல என்ன மரியாதை இருக்கும்னு சிவில் படிக்கிறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் டீ வாங்கிட்டு வந்தேன். ரெண்டாவது நாள்தான் ஒரு லேப்டாப்பைக் கொடுத்து சர்வே டிராயிங்கை அப்டேட் பண்ணச் சொன்னாங்க.

டிராயிங்கோட தென்மேற்கு மூலையில ஒரு சின்ன வட்டம் இருந்தது. "எக்சிஸ்டிங் ட்ரீ"ன்னு பக்கத்துல எழுதியிருந்தது. வெளியே போய்ப் பார்த்தேன். நல்லா விரிஞ்ச ஒரு புங்க மரம். மதியம் சைட்ல வேலை செய்யுற எல்லாரும் அதுக்குக் கீழதான் சாப்பிட உக்காருவாங்க.

"சார், இந்த மரம் டிரைவ்வேக்கு நடுவுல வருதே, என்ன பண்றது?"

"எக்ஸ் போட்டுடு தம்பி."

போட்டேன். ஆட்டோகேட்ல ரெண்டு கோடு. பத்து செகண்ட் கூட ஆகல. அடுத்த வாரம் மரம் இல்லை.

அன்னைக்கு மதியம் எல்லாரும் கம்பிக்கட்டு நிழல்ல, மணல் குவியல் ஓரத்துல ஒதுங்கி சாப்பிட்டாங்க. வயசான மேஸ்திரி ஒருத்தர் யாரையும் குத்தம் சொல்லாம, சாதாரணமா சொன்னார்: "வேலை முடியுற வரைக்குமாச்சும் விட்டு வச்சிருக்கலாம். சோறு திங்க ஒரு நிழலு இருந்துருக்கும்." அவர் என்கிட்ட சொல்லல. ஆனா எனக்குத்தான் கேட்டது.

கதை அதோட முடியல. கடைசி வாரம் அந்த ப்ராஜெக்ட்டோட பிரவுஷர் ஆபீஸுக்கு வந்தது. அட்டையிலயே "பயோஃபிலிக் லிவிங்". அதாவது இயற்கையோடு இணைந்த வாழ்க்கை. உள்ளே லாபி படத்துல ஒரு சுவர் முழுக்கப் பச்சை. ரொம்ப அழகா இருந்தது. கீழே மெட்டீரியல் லிஸ்ட்டைப் பார்த்தேன்: செயற்கைச் செடி பேனல்.

மரத்தை வெட்டிட்டு பிளாஸ்டிக் இலை வாங்குறோம். இதைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

வார்த்தையை விட்டுடுவோம், விஷயத்தைப் பாப்போம்

"பயோஃபிலியா"ங்கிற வார்த்தையைப் பரவலாக்கியவர் எட்வர்ட் ஓ. வில்சன். எறும்புகளை ஆராய்ந்த அமெரிக்க உயிரியலாளர். 1984ல இதே பேர்ல ஒரு புத்தகம் எழுதினார். மத்த உயிர்கள் பக்கம் மனுஷனுக்கு இயல்பாவே ஒரு ஈர்ப்பு உண்டு, அது பரிணாமத்துல நமக்குள்ள வந்த ஒண்ணு என்பது அவர் கருத்து. நியூட்டன் விதி மாதிரி நிரூபிச்ச சூத்திரம் இல்லை இது. ஆனா ஒரு நல்ல கேள்வி.

அதே 1984ல ரோஜர் உல்ரிச் என்பவர் 'சயின்ஸ்' இதழ்ல ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியாவுல ஒரு மருத்துவமனை. 1972 முதல் 1981 வரை அங்க பித்தப்பை ஆபரேஷன் செஞ்சுகிட்ட 46 பேரோட ரெக்கார்டுகளை எடுத்தார். வயசு மாதிரியான விவரங்களைப் பொருத்திப் பார்த்து 23 ஜோடிகளாப் பிரிச்சார். ஒவ்வொரு ஜோடியிலயும் ஒருத்தர் கட்டில் பக்கத்து ஜன்னல்ல மரங்கள் தெரியும். இன்னொருத்தருக்கு செங்கல் சுவர் தெரியும். வேற பெரிய வித்தியாசம் இல்லை. மரம் தெரிஞ்சவங்க சராசரியா 7.96 நாள்ல வீட்டுக்குப் போனாங்க. சுவர் தெரிஞ்சவங்களுக்கு 8.70 நாள் ஆச்சு. மரம் பார்த்தவங்களுக்கு வீரியமான வலி மருந்தும் கம்மியாத் தேவைப்பட்டது.

46 பேர், ஒரே ஒரு ஆஸ்பத்திரி. இதை வச்சு உலகத்தையே மாத்திடலாம்னு சொன்னா அது வாட்ஸ்அப் ஃபார்வர்ட் ஆயிடும். ஆனா ஒரு கட்டடம் கட்டுறவனா எனக்கு இதுல ஒரு விஷயம் உறைச்சது. அந்த ஆஸ்பத்திரியில யாரும் பயோஃபிலிக் டிசைன் பண்ணல. வெளியே மரம் இருந்தது, உள்ளே ஜன்னல் இருந்தது, ரெண்டும் ஒரே திசையில அமைஞ்சுது. அவ்வளவுதான்.

தொட்டிச் செடி ரசிகர்கள் மன்னிக்கவும்

ரீல்ஸ்ல அடிக்கடி வரும்: "இந்த 5 செடியை வீட்டுல வச்சா காத்து சுத்தமாகும், நாசாவே சொல்லியிருக்கு." நாசா 1989ல அப்படி ஒரு ஆய்வு செஞ்சது உண்மை. ஆனா அது மூடி சீல் வச்ச சின்னப் பெட்டிக்குள்ள செடியை வச்சுச் செஞ்சது. நம்ம வீடு விண்கலம் இல்லை. கதவிடுக்கு, ஜன்னல், எக்ஸாஸ்ட் ஃபேன்னு காத்து போய் வந்துகிட்டே இருக்கும்.

2019ல இது மாதிரி பழைய சோதனைகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாங்க. சாதாரணமா ஒரு கட்டடத்துல நடக்குற காத்தோட்டம் செய்யுற வேலையைச் செடிகள் செய்யணும்னா, ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடி வரைக்கும் வேணும்னு வந்தது. அப்புறம் கட்டில் எங்க போடுறது?

செடி வைக்க வேணாம்னு சொல்லல. என் டேபிள்லயும் ஒரு மணி பிளான்ட் இருக்கு, ஹார்லிக்ஸ் பாட்டில்ல. அதைப் பார்த்தா மனசுக்கு நல்லா இருக்கு. அது போதும். காத்து வேணும்னா ஜன்னலைத் திறக்கணும்.

சரி, ஜன்னலுக்கு வருவோம். தேசிய கட்டட விதித்தொகுப்புல நம்மள மாதிரி ஈரப்பதமான வெப்பப் பகுதிக்கு ஒரு கணக்கு இருக்கு: வெளிச்சத்துக்கும் காத்துக்குமான திறப்பு, தரைப்பரப்புல குறைஞ்சது ஆறுல ஒரு பங்கு இருக்கணும். செமஸ்டருக்கு மனப்பாடம் பண்ணி எழுதினோம், ரெண்டு மார்க். எழுதிட்டு ரூமுக்கு வந்து டேப் எடுத்து அளந்தேன். ரூம் 10க்கு 12, அதாவது 120 சதுர அடி. ஆறுல ஒண்ணு 20 சதுர அடி. எங்க ஜன்னல் 4க்கு 4. 16 சதுர அடி. அதுவும் ரெண்டு டிராக் ஸ்லைடிங். எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். ஆக, காத்து வர்ற வழி 8 சதுர அடி. ஆறுல ஒண்ணு இல்லை, பதினஞ்சுல ஒண்ணு. ஏப்ரல் மாசம் நாம மொட்டை மாடியில போய்ப் படுக்குறதுக்குக் காரணம் வெயில் மட்டும் இல்லை.

வெட்டுக் கதவு வச்ச பழைய ஜன்னல் முழுசாத் திறக்கும். ஸ்லைடிங் வந்ததால அலுமினியம் பளபளப்பா ஆச்சு, காத்து பாதியாச்சு. இயற்கையைக் கட்டடத்துக்குள்ள கொண்டு வர்றதுன்னா முதல் வேலை இதுதான். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, வெளியே ஏற்கெனவே இருக்கிறதை மறிக்காம இருந்தா போதும்.

ஒரு மரம் எத்தனை டன்?

ஏசியை டன்ல சொல்றோம். மரத்தையும் அப்படிச் சொல்லிப் பார்த்தா என்ன?

ஒரு பெரிய மரம், வேருக்குத் தண்ணி இருந்து, ஒரு நாளைக்கு 100 லிட்டரை இலை வழியா ஆவியா வெளியே விடுதுன்னு வச்சுக்குவோம். ஒரு லிட்டர் தண்ணி ஆவியாக சுமார் 2.4 மெகாஜூல் வெப்பம் வேணும். 100 லிட்டருக்கு 240 மெகாஜூல். யூனிட் கணக்குல சுமார் 67 யூனிட். ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரத்துல ரூம்ல இருந்து எடுக்குற வெப்பம் சுமார் 5.3 யூனிட். வகுத்துப் பாருங்க: 12 மணி நேரத்துக்கும் மேல ஓடுற ஒன்றரை டன் ஏசி, ஈபி பில் இல்லாம.

இதுல ஒரு ஏமாத்து வேலை இருக்கு, நானே சொல்லிடுறேன். மரத்தோட குளிர்ச்சி நாலு சுவத்துக்குள்ள அடைபடாது, திறந்த வெளியில கலைஞ்சு போயிடும். அதனால மரம் ஏசிக்குப் பதில் ஆகாது. ஆனா ஏசி பண்ற வேலை என்ன? ரூம் சூட்டை எடுத்து, கம்ப்ரஸர் சூட்டையும் சேர்த்து, வெளியே நடந்து போறவன் மூஞ்சியில அடிக்கும். மரம் அப்படிப் பண்ணாது. அதோட மரத்தோட நிழல் சுவத்துல விழுந்தா, சுவர் சூடாகிறதே குறையும். மேற்குச் சுவத்துல சாயங்கால வெயில் விழாம இருந்தா ராத்திரி ரூம் எப்படி இருக்கும்னு மேற்குப் பக்கம் ரூம் கிடைச்சவங்களைக் கேளுங்க. நான் எக்ஸ் போட்ட மரம் நின்னது தென்மேற்கு மூலையில. அந்த பிளாக்ல அந்தப் பக்கம் வீடு வாங்கப் போறவங்க ஏசி ஓட்டுற ஒவ்வொரு சாயங்காலத்துலயும் என் ரெண்டு கோடு இருக்கும்.

புங்க மரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. மாசி, பங்குனியில இலையைக் கொட்டிட்டு, சித்திரை வெயில் வர்றதுக்குள்ள புதுசாத் துளிர்த்து நிக்கும். நமக்கு எப்போ நிழல் வேணும்னு தெரிஞ்சு வச்சிருக்கிற மாதிரி.

முற்றத்தை ரொம்பவும் புகழாதீங்க

இந்த டாபிக்ல யார் பேசினாலும் அடுத்த வரி இதுதான்: "நம்ம முன்னோர்கள் அப்பவே முற்றம் வச்சுக் கட்டினாங்க." உண்மைதான். நடுவுல வானம் பார்த்த முற்றம் இருந்தா சூடான காத்து மேல போகும், சுத்தியிருக்கிற அறைகள்ல இருந்து காத்து நகரும், பகல்ல லைட் போட வேண்டாம். இயற்பியல் சரியாத்தான் வேலை செய்யுது.

ஆனா எங்க அம்மாச்சி வீட்டு முற்றத்தை யார் கூட்டினாங்க? அம்மாச்சி. மழை பெஞ்சா தண்ணியைத் தள்ளினது யாரு? அம்மாச்சி. பாசி பிடிச்ச தரையில ஒரு நாள் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சதும் அவங்களுக்குத்தான். மாமா அடுத்த மாசமே மேல பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடிட்டார். அம்மாவுக்கு நிம்மதி. எனக்கு வருத்தம். ஆனா அந்த வீட்டுல ஒரு நாள் கூட விளக்குமாறு பிடிக்காத நான் வருத்தப்படுறதுக்கு என்ன யோக்கியதை இருக்கு?

திண்ணையும் அப்படித்தான். வழிப்போக்கர் உக்காரக் கட்டினதுன்னு பெருமையாச் சொல்றோம். சிலபேர் அந்தத் திண்ணையைத் தாண்டி உள்ளே வரவே முடியாது என்பதும் அதே திண்ணையோட கதைதான். பழைய வீட்டுல இருந்து காத்தோட்டத்தை எடுத்துக்கலாம். எல்லாத்தையும் எடுத்துக்க வேண்டியதில்லை.

இப்போ அந்த வீட்டு ஹால்ல மதியம் உக்கார முடியல. ஷீட்டுக்குக் கீழ சூடு அப்படியே நிக்குது. போன வருஷம் ஏசி வந்துடுச்சு. ஒரு சிவில் ஸ்டூடன்ட்டா இப்போ யோசிச்சா, அந்தப் பிரச்சினைக்கு விடை ஷீட் இல்லை. வழுக்காத தரை, ஒழுங்கான வாட்டம், பெரிய வடிகால், பிடிச்சு நடக்க ஒரு கைப்பிடி. முற்றமும் இருந்திருக்கும், அம்மாச்சி இடுப்பும் பத்திரமா இருந்திருக்கும். இயற்கையை உள்ளே விடுறவன் அதோட வேலையை யார் செய்யப் போறாங்கன்னும் சேர்த்து டிசைன் பண்ணணும். இல்லைன்னா பத்து வருஷத்துல ஷீட் வந்துடும்.

"இடமே இல்லையேப்பா"

நியாயமான கேள்வி. அரை கிரவுண்டுல முற்றமா?

முற்றத்தோட இன்னைய வாரிசு நம்ம ஊர் பிளான்ல இருக்கு. பேரு ஓடிஎஸ், ஓபன் டு ஸ்கை. 3க்கு 4ன்னு ஒரு சந்து விடுவாங்க. பாத்ரூம் பைப், ஏசியோட அவுட்டோர் யூனிட், மேல் வீட்டுல இருந்து விழுந்த துணி கிளிப் எல்லாம் அங்கதான் இருக்கும். அதே இடத்தைக் கொஞ்சம் அகலமாக்கி, பைப்பை ஒரு ஓரமா ஒதுக்கி, கீழே மண்ணு விட்டு, ஹால் ஜன்னலை அந்தப் பக்கம் திருப்பினா அதுவே ஒரு குட்டி முற்றம்.

கற்பனை இல்லை இது. கொழும்புல ஜெஃப்ரி பாவா தன் சொந்த வீட்டை நாலு சின்ன வரிசை வீடுகளை ஒவ்வொண்ணா வாங்கிச் சேர்த்துத்தான் கட்டினார். நெருக்கமான நகரத்துச் சந்து. உள்ளே போனா அங்கங்க சின்னச் சின்ன வெளிச்சக் கிணறு, குட்டி முற்றம். வெளியே இருந்து பார்த்தா தெரியாது. திருவனந்தபுரத்துல வளர்ச்சி ஆய்வு மையத்துக்கு லாரி பேக்கர் கட்டின கட்டடங்கள்ல செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி ஜாலி சுவர் வச்சார். காத்து வரும், வெளிச்சம் சல்லடையா வரும், ஜன்னலுக்கான மரச்சட்டச் செலவும் மிச்சம். சிங்கப்பூர்ல 2010ல திறந்த கூ டெக் புவாட் மருத்துவமனை ஒரு குளத்தைப் பார்த்து நிக்குது. நடுவுல தோட்டம், மாடியில காய்கறித் தோட்டம், பல வார்டுகள்ல இயற்கைக் காத்தோட்டம். நம்மளவிட நிலம் விலை அதிகமான ஊர் அது.

கொசு, பாம்பு, சருகு, வேர் சுவத்தை உடைக்கும்... இதெல்லாமும் உண்மைதான். அதனாலதான் இது இன்ஜினியரிங். சுவத்தை ஒட்டி ஆலும் அரசும் வைக்கக் கூடாது. மண்ணு போதாத இடத்துல பெரிய மரம் வச்சா புயல்ல சாயும். 2016 டிசம்பர்ல வர்தா புயல் சென்னையில அதைக் காட்டுச்சு. தண்ணி தேங்காத மாதிரி வாட்டம் கொடுக்கணும். பீம் டிசைன் பண்றப்போ எவ்வளவு யோசிக்கிறோமோ, அதுல கால்வாசியை மரத்துக்குச் செலவழிச்சா போதும்.

இப்போ நம்ம கேம்பஸ்

இவ்வளவும் எழுதினதுக்கு ஒரு காரணம் இருக்கு. புது பிளாக்கோட பிளான் டிப்பார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கு. பார்த்தவங்க, வகுப்பு எத்தனை, லிஃப்ட் உண்டா, ஏசி உண்டான்னு பார்த்திருப்பீங்க. நான் வட்டத்தைத் தேடினேன். மூணு இருந்தது. கேன்டீன் பக்கத்து ரெண்டு வேம்பும் ஒரு புங்கமும். மூணு மேலயும் எக்ஸ். என்னை மாதிரி யாரோ ஒரு இன்டர்ன் போட்டிருப்பான்.

நாங்க நாலு பேர் சேர்ந்து, மரங்களோட கிளை எல்லை வரைக்கும் அளந்து, அதே பிளானைத் திரும்ப வரைஞ்சோம். பிளாக்கை 4 மீட்டர் கிழக்கே தள்ளினா ஒரு வேம்பும் புங்கமும் தப்பிக்கும். ஒரு ரூம் கூடக் குறையாது. இன்னொரு வேம்பு கட்டடத்தோட நடுவுல வருது. அதைச் சுத்தி முற்றம் விடலாம்னு ஒரு வாரம் மல்லுக்கட்டிப் பார்த்தோம். ஃபுட்டிங் தோண்டும்போது வேரெல்லாம் அறுந்துடும். முற்றத்துல நிக்கிற பட்ட மரம்தான் மிஞ்சும். அதனால அதை விட்டுட்டோம். மூணையும் காப்பாத்துறோம்னு போஸ்டர் அடிக்க எங்களுக்கும் ஆசைதான். ஆனா அது பொய்.

டிராயிங்கை ஹெச்ஓடிகிட்ட கொடுத்தோம். பத்து நிமிஷம் பொறுமையாப் பார்த்தார். "டெக்னிக்கலா சரியா இருக்கு. ஆனா அந்த 4 மீட்டர் எங்க இருந்து வருது தெரியுமா?"ன்னு கேட்டார்.

தெரியும். நம்ம டூ வீலர் பார்க்கிங்ல இருந்து. ஒரு முழு வரிசை போகும். அந்த வண்டிகள் பின் கேட் பக்கம் போகணும். கிளாஸுக்கு அஞ்சு நிமிஷம் கூட நடக்கணும்.

"ஸ்டூடன்ட்ஸ் ஒத்துக்குவாங்களா? அதை முதல்ல கேட்டுட்டு வாங்க"ன்னார்.

அதைத்தான் கேட்கிறேன். இந்த விஷயத்துல மேனேஜ்மென்ட்டைத் திட்டுறது ஈஸி. மரம் வெட்டினா ஸ்டேட்டஸ் போடுறதும் ஈஸி. ஆனா தினமும் காலையில 8:50க்கு வந்து அந்தப் புங்க மரத்து நிழல்ல பைக்கை விடத்தானே நாம எல்லாரும் அடிச்சுக்கிறோம்? சாயங்காலம் வந்து சீட்ல கை வச்சுப் பார்த்தா எந்த வண்டி எங்க நின்னதுன்னு சொல்லிடலாம். அந்த நிழல் நமக்கு வேணும்னா, அதுக்குக் கீழ வண்டி விடுற வசதியை நாம விட்டுக் கொடுக்கணும். விலை இதுதான். மறைக்க ஒண்ணும் இல்லை.

ஒத்துக்க மாட்டேன்னு சொன்னாலும் சொல்லுங்க. காரணத்தோட சொல்லுங்க. நடக்க முடியாதவங்களுக்குன்னு கேன்டீன் பக்கமே பத்து இடம் ஒதுக்கணும்னு ஒரு ஜூனியர் சொன்னாங்க. எங்களுக்குத் தோணாத விஷயம். டிராயிங்ல சேர்த்துட்டோம். இன்னும் இப்படி எத்தனையோ இருக்கும்.

திருத்தின பிளானைக் கேன்டீன் சுவத்துல, பழைய பிளானுக்குப் பக்கத்துலயே ஒட்டியிருக்கோம். கீழே ஒரு பேனாவும் நோட்டும் கட்டி வச்சிருக்கோம். சரின்னா சரி, வேணாம்னா வேணாம், எதுவானாலும் எழுதுங்க. அடுத்த திங்கட்கிழமை அந்த நோட்டை அப்படியே கொண்டு போய் ஹெச்ஓடி டேபிள்ல வைக்கப் போறோம்.

இன்னும் ரெண்டு மாசத்துல நான் இங்க இருக்க மாட்டேன். புது பிளாக்ல எனக்கு ஒரு கிளாஸும் கிடையாது, அந்தப் பார்க்கிங்ல என் வண்டியும் நிக்காது. வேலைக்குப் போற இடத்துல யாராவது திரும்பவும் "எக்ஸ் போட்டுடு தம்பி"ன்னு சொல்லுவாங்க. அப்போ நான் என்ன செய்வேன்னு இப்பவே வீர வசனம் பேச விரும்பல. ஒண்ணு மட்டும் செய்வேன். கோடு போடுறதுக்கு முன்னாடி எழுந்து வெளியே போய், அதுக்குக் கீழ யார் உக்காந்து சாப்பிடுறாங்கன்னு பார்த்துட்டு வருவேன்.